முந்திரி வைத்த தட்டு

எங்கள் வீட்டுக் கேஸ் அடுப்புக்குக் கீழே ஒரு ஓவன் உண்டு. மேலே நாலு பர்னர், கீழே இரும்புக் கதவு வைத்த பெட்டி. பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் மொத்தமாகப் பிரான்சுக்குக் கிளம்பியபோது கட்டில், பீரோ, நிலைக்கண்ணாடி என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் பங்குக்கு அந்த அடுப்பு வந்தது. மேலே இரண்டு பர்னர்தான் எரியும். கீழே இருந்த பெட்டியை நாங்கள் எரித்துப் பார்த்ததே இல்லை. முறுக்கு அச்சு, பணியாரக் கல், பெரிய ஜல்லிக் கரண்டி, ரேஷன் கார்டு வைத்த பிளாஸ்டிக் பை எல்லாம் அதற்குள் இருந்தன. எலி போகாத இடம் என்று அதற்கு ஒரு நல்ல பெயர் இருந்தது.

அந்தப் பெட்டியில் முதன்முதலாக ஒன்று வெந்தது மகனும் மருமகளும் பேத்தியும் வந்து ஒரு மாதம் தங்கிய வருஷம். ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் காலை. ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை.

அதைச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் யார் எதிரிலும் சாப்பிட மாட்டேன். கொள்கை, விரதம் என்று ஒன்றும் இல்லை. கூச்சம். அது வந்த நாள் எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், இவர்கள் வீட்டில் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தார்கள். நீள வரிசையில் இலை. எனக்குப் பதினேழு வயது. பசி. அப்பளத்தை எடுத்துக் கடித்தேன். என் வீட்டுக்காரரின் பெரியம்மா எதிர் வரிசையில் இருந்தார்.

"இன்னாடி இது சத்தம்? ஓட்டு மேல யாராவது நடக்கறாங்களா?" என்று கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஓ, புதுப்பொண்ணு அப்பளம் கடிக்குதா!" என்றார்.

வரிசை முழுக்கச் சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லை. அந்த அம்மாள் அன்று சாயங்காலமே மறந்திருப்பார். எனக்கு அப்போது வாயில் இருந்தது தொண்டைக்குள் இறங்கவில்லை. அதற்குப் பிறகு எல்லாருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். அப்படியே முப்பத்தைந்து, நாற்பது வருஷம் ஓடிவிட்டது. தோசை சுடுகிறவளை யாரும் ஏன் உட்காரவில்லை என்று கேட்க மாட்டார்கள். கல்லுக்குப் பக்கத்தில் நிற்பது எனக்கு வசதியாக இருந்தது. கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, ரசத்தை மட்டும் பிசைந்து விழுங்கிவிட்டு எழுந்துவிடுவேன். எனக்குக் காரம் பிடிக்குமா பிடிக்காதா என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மகன் எங்கள் ஊர்ப் பக்கத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கல்யாணத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தான். காரைக்காலில் பிறந்து, பத்து வயதில் அப்பா அம்மாவோடு பிரான்சுக்குப் போன பெண். வேறு சாதி, வேறு மதம். என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் மகனோடு பேசவில்லை. "பாஸ்போர்ட்டக் கட்டிக்கிட்டான்" என்று தெருவில் பேசினார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். மகன் அவளோடு பிரான்சுக்கே போய்விட்டான். பிறகு அங்கே பேத்தி பிறந்தாள். போட்டோ வந்தது. போட்டோவைப் பார்த்ததும் என் வீட்டுக்காரரின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பேத்திக்கு ஆறு வயது இருக்கும்போதுதான் மூன்று பேரும் ஒன்றாக வந்து தங்கினார்கள். மருமகள் நல்ல தமிழ் பேசினாள். காலையில் எனக்கு முன்னாலேயே எழுந்து பால் காய்ச்சினாள். கோழிக் குழம்பு வைத்தாள், மீன் வறுத்தாள், ஒருநாள் பாகற்காய் கூட வதக்கினாள். எல்லாம் நன்றாக இருந்தது. நான் எப்போதும் போல எல்லாரும் எழுந்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். "நீங்க உக்காருங்க அத்தை" என்பாள். "அப்புறம் சாப்புடறேம்மா" என்பேன். தினமும் இதுதான்.

அவர்கள் கிளம்ப நாலைந்து நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் நான் பின்பக்கத்துக் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தங்கியிருந்த அறையின் ஜன்னல் அந்தப் பக்கம்தான். உள்ளே மருமகள் மகனிடம் பேசுவது கேட்டது.

"ஒரு மாசம் ஆவப் போவுது. உங்க அம்மா என் கையால ஒரு வாய் தண்ணி குடிச்சு நான் பாக்கல."

"அம்மா யார் எதிர்லயும் சாப்புட மாட்டாங்க. நானே பாத்தது இல்ல."

"சும்மா சொல்லாதீங்க. பெத்த அம்மா சாப்புட்டு புள்ள பாத்தது இல்லையாம். யாராவது கேட்டா சிரிப்பாங்க."

"நெஜமாத்தான் சொல்றேன்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "காரைக்கால்ல என் கிளாஸ் பொண்ணு வீட்டுக்கு வெளாடப் போவேன். அங்க எனக்குன்னு ஒரு டம்ளர் இருந்துச்சு. வாசப்பக்கம் மாடத்துல கவுத்து வச்சிருப்பாங்க. அவங்க அம்மா நல்லவங்கதான். சிரிச்சுக்கிட்டேதான் ஊத்துவாங்க. எனக்கு ஒம்போது வயசுல புரிஞ்சுடுச்சு. இப்பப் புரியாதா?" பிறகு, "அடுத்த வாட்டி நீங்க புள்ளைய கூட்டிக்கிட்டு வாங்க. நான் வரல" என்றாள்.

நான் கையில் பிழிந்த புடவையோடு நின்றேன். உள்ளே போய், அது அப்படி இல்லையம்மா என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டுமென்றால் அப்பளத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு அப்பளத்துக்காக நாற்பது வருஷமா என்று யாராக இருந்தாலும் கேட்பார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றியது. புடவையைக் கொடியில் போட்டுவிட்டு அடுத்த துணியை எடுத்தேன்.

மறுநாள் மருமகள் ஒரு யோசனையோடு வந்தாள். அடுப்பின் கீழ்க்கதவைத் திறந்து, குனிந்து பார்த்தாள்.

"அத்தை, இந்த ஃபூர் வேலை செய்யுமா?"

பிரெஞ்சில் ஓவனுக்கு அதுதான் பெயராம். என் வீட்டுக்காரர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "பூரா? அது இன்னாது, பூரிக்கு அண்ணனா?" என்றார். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மருமகளும் சிரித்தாள். பிரான்சில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பான்கேக் செய்வாளாம். கல்லில் ஒவ்வொன்றாகச் சுட்டுப் போடுவது இல்லை. மைதா, பால், முட்டை, சர்க்கரை எல்லாம் கரைத்துத் தட்டில் ஊற்றி ஓவனுக்குள் வைத்துவிட்டால் தானாக உப்பி வெந்துவிடும். திருப்பிப் போட வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

"எல்லாருக்கும் ஒரே நேரத்துல வெந்துடும், அத்தை. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புடலாம். யாரும் அடுப்புகிட்ட நிக்க வேணாம்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. மகனிடம் பேசி முடித்துவிட்டு, எனக்காக இன்னும் ஒரு தடவை முயன்று பார்க்கிறாள்.

"என்னிக்கு?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலைல வண்டி வந்துடும் இல்ல? மெட்ராஸ் போறதுக்கு."

வெள்ளிக்கிழமை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். மகனுக்கு நாலு வயதில் ஒரு காய்ச்சல் வந்து, இனிமேல் இல்லை என்று டாக்டரே கையை விரித்தபோது, மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். உயிரைக் கொடுத்தால் சாகும் வரை வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டேன் என்று. முட்டையும் அதில் சேர்த்திதான். கொடுத்தாள். நானும் ஒரு வெள்ளி தவறியதில்லை. அது உண்மையான காரணம். ஆனால் அன்றைக்கு அது எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு இடமாகவும் இருந்தது.

"வெள்ளிக்கிழமை நான் முட்டை சாப்புட மாட்டேம்மா. நீங்கள்லாம் சாப்புடுங்க. எனக்கு இட்லி இருக்கும்" என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. மாறாமல் வைத்துக்கொண்டாள் என்று சொல்ல வேண்டும். "சரி அத்தை" என்றாள்.

அன்று சாயங்காலம் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் சின்ன அலுமினியத் தட்டு அஞ்சு வாங்கி வந்தாள். வட்டமாக, விளிம்பு வைத்தது, ஆளுக்கு ஒன்று. நாலு போதுமே என்று நினைத்தேன், கேட்கவில்லை. மகன் ஓவனுக்குள் கையை விட்டு நான் வைத்திருந்ததை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டான். மருமகள் சோடா உப்பு போட்டுத் தேய்த்தாள். மகன் கீழே ஓட்டையில் தீக்குச்சியைக் காட்டினான். என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்றுகொண்டு, "வெடிச்சுதுன்னா ரேஷன் கார்டு போச்சு" என்றார்.

"கார்ட மொதல்லயே எடுத்துட்டேன்பா."

"அப்ப சரி. நாம போனா பரவால்ல."

பொக்கென்று பிடித்து நீலமாக எரிந்தது. பேத்தி கை தட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். ஆடி வெள்ளி, கூட்டம். திரும்பி வர ஏழரை ஆகிவிட்டது. அடுப்படியில் யாரும் இல்லை. ஓவன் சூடேறிக்கொண்டிருந்தது. வெண்ணெய் வாசனை, வெனிலா வாசனை. மேடையில் அஞ்சு தட்டிலும் மாவு ஊற்றி வரிசையாக வைத்திருந்தது. ரவா தோசைக்குக் கரைப்பது போல நீர்க்க இருந்தது. மருமகள் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது.

ஒரு தட்டில் மட்டும் நடுவில் ஒரு முழு முந்திரி இருந்தது. மற்ற நாலிலும் இல்லை.

பேத்திக்காக வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அல்லது என் வீட்டுக்காரருக்காக. யாருக்காக இருந்தாலும் எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் மாமியார் மற்ற எதில் எப்படியோ, இதில் கண்டிப்பானவர். ஒரே பந்தியில் உட்காருகிறவர்களில் ஒருத்தருக்கு ஒன்று, இன்னொருத்தருக்கு வேறு என்று போடக்கூடாது. அதற்குப் பெயர் பந்தி வஞ்சனை. முந்திரி பாயசத்தில் யாருக்கு எத்தனை போனது என்று கரண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். குறைந்தவர்களுக்குத் தேடி எடுத்துப் போடச் சொல்வார். அது எனக்குள் ஊறிப்போய்விட்டது. இந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள், அவசரத்தில் கைக்கு ஒன்றுதான் வந்திருக்கும் என்று நினைத்து, டப்பாவைத் திறந்து நாலு முந்திரி எடுத்தேன். முழுசாகப் பார்த்து எடுத்தேன். மற்ற நாலு தட்டிலும் நடுவில் ஒவ்வொன்றாக வைத்தேன். எனக்கு இடது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. ஒரு தட்டில் மாவு கொஞ்சம் வேறு நிறமாக இருந்ததோ என்னவோ, நான் கவனிக்கவில்லை.

பிறகு என் வீட்டுக்காரர் வந்து, "சூடு வந்துடுச்சு போல இருக்கே" என்று சொல்லி, தட்டுகளைத் தானே எடுத்து உள்ளே வைத்தார். இரண்டு தட்டு முதல் கம்பியில், மூன்று கீழ்க் கம்பியில். அவருக்கு அந்தக் கதவைத் திறந்து மூடுவதில் ஒரு ஆசை வந்துவிட்டது. மருமகள் ஈரக் கையோடு வந்து, "மாமா வச்சுட்டாங்களா, மேர்சி மாமா" என்று நன்றி சொல்லிவிட்டு நேரத்தைப் பார்த்தாள்.

இருபது நிமிஷம். மேஜையைச் சுற்றி அஞ்சு நாற்காலி போட்டிருந்தாள். ஒன்று தையல் மிஷினிலிருந்து எடுத்து வந்த முக்காலி. சர்க்கரை, எலுமிச்சம்பழம் நறுக்கியது, ஜாம், எனக்கு இட்லி. இட்லியை நானே கொண்டுபோய் வைக்கவில்லை. அவள்தான் வைத்தாள். தட்டு போடவில்லை, பாத்திரத்தை மட்டும் வைத்தாள். எனக்கு அது புரியவில்லை.

கதவைத் திறந்தாள். அஞ்சும் உப்பி, தட்டுக்கு மேலே குமிழியாக எழும்பி நின்றன. "வலா! இதோ!" என்று பேத்தி கத்தினாள். வெளியே எடுத்துவைத்ததும் ஒவ்வொன்றாகப் பெருமூச்சு விட்டது போல அமுங்கி, விளிம்பு மட்டும் சிவந்து மேலே நின்றது.

மருமகள் கடைசித் தட்டை வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"முந்திரி யார் வச்சது?"

"நான்தாம்மா" என்றேன். "ஒண்ணுத்துல மட்டும் இருந்துச்சு. ஒருத்தருக்கு மட்டும் வச்சா பந்தி வஞ்சனை இல்லையா. அதான் எல்லாத்துலயும்..."

"ஐயோ அத்தை." கையில் இருந்த துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "அது உங்களுது. முட்டை போடாம தனியா கலக்கினேன். வாழப்பழம் மசிச்சு, கொஞ்சம் சோடா உப்பு போட்டு. வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்களே. அடையாளத்துக்குத்தான் முந்திரி வச்சேன்."

என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். "நல்லா வச்ச போ. வழி காட்டற பலகைய எல்லா ரோட்டுலயும் நட்டு வச்சுட்ட" என்றார். மகனும் சிரித்தான். "சீட்டு குலுக்கிப் போடலாம்பா." "ஆளுக்கு ஒரு கடி கடிச்சுப் பாத்துட்டு வாழப்பழத்த உங்க அம்மாகிட்ட தள்ளிடலாம்." "எச்சி பண்ணியா?" இப்படி அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்டார்கள்.

மருமகள் தட்டுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். எல்லாம் ஒரே நிறம், ஒரே வாசனை. எது மேல் கம்பியில் இருந்தது, எது கீழே என்று என் வீட்டுக்காரருக்கே தெரியவில்லை.

அவள் நிமிர்ந்தாள். "பரவால்ல அத்தை. விடுங்க. நீங்க இட்லியே சாப்புடுங்க" என்றாள். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்து இட்லிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். குரலில் கோபம் இல்லை. அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். வேண்டாம் என்று கையை எடுத்துக்கொண்டவர்கள் பேசுவது. நான் நிறையத் தடவை அப்படிப் பேசியிருக்கிறேன்.

எனக்கு வழி திறந்திருந்தது. இட்லியை எடுத்துக்கொண்டு, அப்புறம் சாப்பிடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனால் போதும். சாமி காரணம் சொன்னால் ஊரில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அவளும் பேச மாட்டாள். சனிக்கிழமை வண்டியில் ஏறிவிடுவாள். அவ்வளவுதான்.

கிட்டத்தில் இருந்த தட்டைத் தொட்டேன். சுட்டது. முந்தானையால் பிடித்து என் பக்கம் இழுத்தேன்.

"இதான் என்னுது" என்றேன்.

"எப்படித் தெரியுது அத்தை?"

"முந்திரி வைக்கும்போது பாத்தேன். இதுலதான் மாவு கெட்டியா இருந்துச்சு. மத்ததெல்லாம் தண்ணியா இருந்துச்சு."

பொய். அப்படி எதையும் நான் பார்க்கவில்லை. அஞ்சில் ஒன்று. முக்காலியில் உட்கார்ந்தேன். மேஜையில் உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியாது. மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மருமகள் எனக்கு நேர் எதிரில்.

விளிம்பைக் கிள்ளி வாயில் வைத்தேன். முறுகலாக இருந்தது. கடித்தபோது மொறுக்கென்று சத்தம் வந்தது. என் காதுக்கு அது வீடு முழுக்கக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஜாம் பாட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மகன் குழந்தைக்குத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தான். மருமகள் மட்டும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளிம்பைத் தாண்டி நடுப்பக்கம் போனதும் தெரிந்துவிட்டது. முட்டை. வெனிலா எவ்வளவு போட்டாலும் அது தெரியும், வெள்ளிக்கிழமையில் இருபத்தைந்து வருஷம் தொடாத நாக்குக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

"வாழப்பழம் தெரியுதா அத்தை?"

"தெரியுது."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குதும்மா."

இரண்டாவது சொன்னது பொய் இல்லை. அவள் இன்னும் தன் தட்டில் கை வைக்கவில்லை. நான் அடுத்த துண்டை எடுத்தேன். அதற்கடுத்ததையும் எடுத்தேன். மகன் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். நான் வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாதது அவன் உயிருக்குச் செய்த வேண்டுதல் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் நான் வாழைப்பழம் சாப்பிடுகிறேன் என்றுதான் அவனும் நினைத்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்தது நான் சாப்பிடுவதை. அவனுக்கு அதுதான் புதுசு. நாளைக்கு அவன் விமானத்தில் ஏற வேண்டும். அதை நினைத்தபோது வாயில் இருந்தது ஒரு நிமிஷம் நின்றது. பிறகு இறங்கியது.

முக்கால்வாசி முடிந்திருக்கும். பேத்தி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, சர்க்கரையைக் கொட்டி, நிதானமாக முதல் வாயை அப்போதுதான் வைத்தாள். முகம் மலர்ந்தது.

"மாமான்! பனான்!" என்றாள் தன் அம்மாவிடம். பிறகு எனக்கும் புரியட்டும் என்று, "ஆயா, என்னுதுல வாழப்பழம்!"

மருமகள் குழந்தையின் தட்டைப் பார்த்தாள். கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டாள். பிறகு என் தட்டைப் பார்த்தாள். அதில் முந்திரியும் ஒரு துண்டும் மட்டும் இருந்தன.

"அத்தை, அப்ப உங்களுது..."

"ஆறிடும். நீ சாப்புடும்மா."

"தெரியுதுன்னு சொன்னீங்களே."

என் வீட்டுக்காரர்தான் பேசினார். "நல்லா மாட்டிக்கிட்ட போ. ஆடி வெள்ளில முட்டைய தின்னுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்துருக்கா பாரு." மகன் சிரிக்கவில்லை. "ம்மா, மொதல் வாய்லயே தெரிஞ்சிருக்குமே உனக்கு" என்றான்.

மருமகள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். மேஜையில் ஏற்கெனவே சர்க்கரை இருந்தது. இதையும் அதன் பக்கத்தில் வைத்தாள். கரண்டியில் எடுத்து என் தட்டில் மிச்சம் இருந்த துண்டின் மேல் தூவினாள். மேஜையெல்லாம் சிந்தியது. நான் அந்தத் துண்டையும் எடுத்துச் சாப்பிட்டேன். முந்திரியைக் கடைசியாகச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் உட்கார்ந்து தன்னுடையதைத் தொட்டாள்.

மத்தியானம் அவர்கள் மூன்று பேரும் நெல்லித்தோப்பில் இருந்த அவளுடைய சித்தி வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போய்விட்டார்கள். சாயங்காலம் பெட்டி கட்டினார்கள். சனிக்கிழமை விடிந்ததும் வண்டி வந்தது. மருமகள் ஏறுவதற்கு முன்னால் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். "அடுத்த வருஷம் ஆடிலதான் லீவு வரும் அத்தை. கெளம்பறதுக்கு மொத நாள் வெள்ளிக்கிழமையா வராம பாத்துத்தான் டிக்கெட் போடுவேன்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். வண்டி தெரு முனையைத் திரும்பும் வரை பேத்தி பின்கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலைப் பலகாரத்துக்குப் பிறகு நான் எதுவும் சாப்பிடவில்லை. கோயிலுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். நான் வேண்டிக்கொண்டதை நானே உடைத்தேன், தெரிந்துதான் செய்தேன், என் பிள்ளை மேல் எதுவும் வேண்டாம், என் மேல் வை, அவர்கள் போய்ச் சேர்ந்த சேதி வரும் வரை என் வாயில் சோறு படாது என்று. சமைத்தேன். என் வீட்டுக்காரருக்குப் போட்டேன். அவர் சாப்பிட்டு எழுந்ததும் பாத்திரத்தை மூடி வைத்தேன். வரக்காப்பியும் தண்ணீரும் குடித்தேன். சனிக்கிழமை முழுக்க அப்படித்தான். ஒரே வீட்டில் இருக்கிற மனுஷருக்கு நான் இரண்டு நாளாகப் பட்டினி என்பது தெரியவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் சாப்பிடுவதையே பார்க்காதவருக்குச் சாப்பிடாதது எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் அடித்தது. அவர் எடுப்பதற்குள் நான் எடுத்துவிட்டேன். அப்படி நான் ஓடி அவர் பார்த்ததில்லை.

மருமகள்தான் பேசினாள். "வந்து சேந்துட்டோம் அத்தை. நேத்து ராத்திரியே வந்துட்டோம். உங்களுக்கு நடு ராத்திரியா இருக்கும்னு பண்ணல. அவர் தூங்கறாரு. பாப்பாவும் தூங்குது."

"நல்லா இருக்கானா?"

"கொறட்டை விடறாரு. கேக்குதா பாருங்க."

போனைக் கொண்டுபோய்க் காட்டினாள் போல. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது என்று சொன்னேன்.

"சாப்ட்டீங்களா அத்தை?" என்றாள். அதற்கு முன் எப்போதும் உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பாள். "பொய் சொல்லக்கூடாது. உங்களுக்கு நல்லா பொய் சொல்ல வரும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"இப்பத்தாம்மா சாப்புடப் போறேன்."

"எங்க உக்காந்து?"

நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டுப் போனை வைத்தாள்.

இட்லி அடுப்பில் இருந்தது. மிளகாய்ச் சட்னி அரைத்து வைத்திருந்தேன். அடுப்படிக்குப் போய்த் தட்டில் நாலு எடுத்துக்கொண்டேன். வழக்கமான இடத்தில் மனையைப் போட்டேன். பிறகு மனையை மறுபடி சுவரில் சாய்த்துவிட்டு, தட்டோடு கூடத்துக்கு வந்தேன். அஞ்சு நாற்காலியும் அப்படியே இருந்தன. முக்காலியைக் கூட யாரும் தையல் மிஷினுக்குத் திருப்பி வைக்கவில்லை. அதில் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் பேப்பரைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார். நான் இட்லியைச் சட்னியில் முழுசாக அழுத்தித் தோய்த்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்ளோ காரமா சாப்புடுவியா நீ?"

"சாப்புடுவேன்" என்றேன்.